எய்தவன் யார்?

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோட்டுக்குச் செல்லும் சாலையில், தமிழ்நாட்டின் எல்லை முடிந்து கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் தொடங்குமிடத்தில் கோவிந்தாபுரம் என்னும் ஊர் உள்ளது. முதலமடைப் பகுதியின் மாந்தோப்புகளை அடுத்துள்ள இவ்வூரில் தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்குகின்றன. காய்கறிகளையும் தேங்காய்களையும் ஏற்றிய லாரிகள் இவ்வழியே எல்லையைக் கடந்து செல்கின்றன.

அத்தகைய லாரியொன்றை அதிகாரிகள் நிறுத்திச் சோதித்தபொழுது, காய்கறி மூட்டைகளுக்கு அடியில் தடை செய்யப்பட்ட சரக்கு அகப்பட்டதாகக் கொள்வோம். சரக்கு இன்னதென்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ஆனால் குற்றம் யாருடையது? வண்டியின் எண் பலகை ஒரு மாநிலத்தைக் காட்டுகிறது. அப்பலகை போலியாகவும் இருக்கலாம். பதிவுப் புத்தகத்தில் ஒருவர் பெயர் உள்ளது; அவரோ லாரி முந்திய இரவே களவு போயிற்று என்கிறார். ஓட்டி வந்தவர் தாம் கூலிக்கு அமர்த்தப்பட்டவர் என்கிறார். அமர்த்தியவரின் பெயரை அவர் அறியார். எனவே அதிகாரியின் முன் நான்கு தனித்தனி வினாக்கள் நிற்கின்றன. எந்த வண்டி? ஓட்டியவர் யார்? அவரை அமர்த்திய கூட்டம் எது? அக்கூட்டத்துக்குக் கட்டளையிட்டவர் யார்? முதல் வினாவுக்குக் கிடைத்த விடையைக் கொண்டே நான்காவதற்கும் விடை கூறிவிடுதல் நியாயமாகாது.

ஒரு நாட்டின் கணிப்பொறிகளுக்குள் மற்றொரு நாட்டு அரசாங்கத்தின் தூண்டுதலால் ஊடுருவல் நடைபெறும்பொழுதும் இந்நான்கு வினாக்களே எழுகின்றன. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது நம் முதுமொழி. கணிப்பொறித் துறையில் அம்பைக் கண்டெடுத்தல் பெரும்பாலும் இயல்வதே. எய்தவனைச் சுட்டிக்காட்டி நிரூபித்தல் மிக அரிது. அது ஏன் அரிதாகிறது என்பதையும், அந்த அருமையைக் குறைப்பதற்குச் சாதாரண அலுவலக ஊழியர் ஒருவர் செய்யக்கூடியது யாது என்பதையும், நம் தென்னாட்டிலேயே 2019-ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை முன்வைத்து இங்கு ஆராய்வோம்.

கூடங்குளத்தில் கண்டது

திருநெல்வேலி மாவட்டக் கடற்கரையில் அமைந்துள்ள கூடங்குளம் அணுமின் நிலையத்தில், தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு உலைகள் ரஷ்யாவின் ஒத்துழைப்புடன் நிறுவப்பட்டு மின்சாரம் உற்பத்தி செய்து வருகின்றன. இம்மின்சாரம் தமிழ்நாட்டுக்கு மட்டுமன்றிக் கேரளம், கர்நாடகம், புதுச்சேரி ஆகியவற்றுக்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. ஆகவே எல்லைக்கு இருபுறமும் வாழும் மக்களுக்கு இந்நிலையத்தின் நலத்தில் அக்கறை உண்டு.

2019 அக்டோபர் 28 அன்று, சந்தேகத்துக்குரிய நிரல்களை உலகெங்குமுள்ள ஆய்வாளர்கள் இட்டுச் சோதிக்கும் பொதுத் தளமொன்றில் ஒரு தீங்கு நிரல் காணப்பட்டது. தீங்கு நிரல் என்பது உரியவர் அறியாமல் கணிப்பொறிக்குள் புகுந்து வேலை செய்யும் நிரலாகும். இந்நிரலுக்குள் கூடங்குளம் நிலையத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமும், அந்நிலையத்து வலைப்பின்னலின் நிர்வாகிக்குரிய கடவுச்சொல்லும் எழுதப்பட்டிருந்தன. அதே நாளில், முன்னர் மத்திய அரசாங்கத்தின் தொழில்நுட்பப் புலனாய்வுப் பணியில் இருந்த புக்ராஜ் சிங் என்னும் நிபுணர், இவ்வூடுருவலைப் பற்றித் தாம் செப்டம்பர் மாதத் தொடக்கத்திலேயே தேசிய இணையப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிவித்ததாகப் பகிரங்கமாக அறிவித்தார்.

மறுநாள், அதாவது அக்டோபர் 29 அன்று, நிலையத்தின் தகவல் அதிகாரி ஓர் அறிக்கை வெளியிட்டார். நிலையத்தின் கட்டுப்பாட்டு யந்திரங்கள் வெளி வலைப்பின்னல்களோடும் இணையத்தோடும் தொடர்பின்றித் தனித்து இயங்குபவை. ஆதலின் அவற்றின்மீது இத்தகைய தாக்குதல் சாத்தியமன்று என்பது அதன் சாரம். அதற்கும் மறுநாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் வேறோர் அறிக்கை வெளியிட்டது. கழகத்தின் கணிப்பொறியில் தீங்கு நிரல் கண்டறியப்பட்டது உண்மையே. செர்ட்-இன் எனப்படும் இந்தியக் கணிப்பொறி அவசரநிலைக் குழு செப்டம்பர் 4 அன்று இதனைத் தெரிவித்தது. அணுசக்தி இலாகாவின் நிபுணர்கள் உடனே ஆராய்ந்தனர். தொற்றுக்குள்ளான கணிப்பொறி நிர்வாக வேலைகளுக்கென இணையத்தோடு இணைக்கப்பட்ட வலைப்பின்னலைச் சேர்ந்தது. முக்கியமான உள் வலைப்பின்னல் அதினின்றும் பிரிக்கப்பட்டது என்று அவ்வறிக்கை கூறியது.

இவ்விரு அறிக்கைகளும் ஒன்றுக்கொன்று நேர் முரணானவை அல்ல. முதலாவது உலையின் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசிற்று. இரண்டாவது அலுவலகக் கணிப்பொறியைப் பற்றிப் பேசிற்று. எனினும் முதல் அறிக்கையைப் படித்த பொதுமக்கள், ஊடுருவலே நிகழவில்லை எனப் பொருள் கொண்டனர். மறுநாள் உண்மை வெளிப்பட்டபொழுது ஐயம் இருமடங்காயிற்று. அக்டோபர் 19 அன்று நிலையத்தின் இரண்டாவது உலை நின்றிருந்ததையும் பலர் இதனோடு முடிச்சுப் போட்டனர். நீராவி உற்பத்திக் கலத்தில் நீர்மட்டம் குறைந்ததே உலை நின்றதற்குக் காரணம் எனத் தெரிவிக்கப்பட்டிருந்தது. இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நடந்தமையால் மட்டும் ஒன்று மற்றொன்றின் காரணமாகிவிடாது என்னும் விஞ்ஞான விதியை இங்கு நினைவுகூர்தல் தகும்.

தனித்து நிற்கும் வலைப்பின்னல் என்பது சிறந்த அரண். ஆயினும் அது முழு அரண் அன்று என்பதற்கு ஈரானின் நட்டான்ஸ் நகரிலிருந்த யுரேனியச் செறிவூட்டு ஆலை சான்றாகும். 2010-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் நிரல், இணையத் தொடர்பற்ற அவ்வாலையின் யந்திரங்களை அடைந்து சேதப்படுத்தியது. பென் டிரைவ் போன்ற சிறு சாதனங்கள் வழியாகவும் பரவும் ஆற்றல் அதற்கு இருந்தது. அமெரிக்காவும் இஸ்ரேலும் அதனை இயற்றின எனப் பரவலாக எழுதப்பட்டுள்ளபோதிலும், எந்த அரசாங்கமும் அதிகாரபூர்வமாக அதனை ஒப்புக்கொண்டதில்லை.

நிரலின் உட்புறம்

கூடங்குளத்தில் கண்ட நிரலின் பெயர் டிட்ராக் என்பது. விசைப்பலகையில் தட்டப்படும் எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுதல், பயனாளர் பார்த்த இணையப் பக்கங்களின் பட்டியலைச் சேகரித்தல், கணிப்பொறியின் முகவரி எண்ணையும் அது தொடர்பு கொண்டுள்ள பிற யந்திரங்களையும் அறிதல், வட்டுகளில் உள்ள கோப்புகளைப் பட்டியலிடுதல் ஆகியவை அதன் தொழில்கள். அதாவது, இஃது உடைக்க வந்த சம்மட்டியன்று. ஒற்றறிய வந்த கண். நிலையத்தின் கடவுச்சொல் அதனுள்ளேயே எழுதப்பட்டிருந்தது என்பது மிகவும் கவனிக்கத்தக்கது. அக்கடவுச்சொல் முன்னரே களவாடப்பட்டு, அதன்பின் இந்நிலையத்துக்கென்றே இந்நிரல் அமைக்கப்பட்டிருக்க வேண்டும் என ஆய்வாளர்கள் அனுமானித்தனர்.

இந்நிரல் முன்பே அறிமுகமானதுதான். 2019 செப்டம்பர் மாதத்தில், ரஷ்யாவைச் சேர்ந்த காஸ்பர்ஸ்கி என்னும் கணிப்பொறிப் பாதுகாப்பு நிறுவனம் இதனைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. இந்திய வங்கிகளின் தானியங்கிப் பண யந்திரங்களில் புகுந்து அட்டை விவரங்களைத் திருடிய மற்றொரு நிரலை 2018-இல் ஆராய்ந்தபொழுது, அதற்கு நெருங்கிய உறவுடைய டிட்ராக்கின் 180-க்கு மேற்பட்ட மாதிரிகள் அந்நிறுவனத்துக்குக் கிடைத்தன. அவற்றின் சில பகுதிகள், 2013-இல் தென்கொரியாவின் வங்கிகளையும் ஒலி-ஒளிபரப்பு நிலையங்களையும் முடக்கிய நிரல்களோடு ஒத்திருந்தன. தென்கொரியத் தாக்குதல், வடகொரியாவோடு தொடர்புடையதாகக் கருதப்படும் லாசரஸ் என்னும் கூட்டத்தின் செயல் என நிபுணர்கள் கூறி வந்தனர். தென்கொரிய ஆய்வுக் குழுவொன்று ஒருபடி மேற்சென்று, இந்திய அணுசக்தித் துறையைத் தாக்கியவர்களுள் ஒருவர் வடகொரியாவிலேயே தயாராகும் கணிப்பொறியைப் பயன்படுத்தியதாகவும், அவருடைய முகவரி எண் பியோங்யாங் நகருக்குரியது எனவும் கூறியது.

இவ்வாறு வலுவான அறிகுறிகள் பல இருந்தும், இந்திய அரசாங்கம் இச்சம்பவத்துக்குப் பொறுப்பான நாடு இன்னதெனப் பகிரங்கமாக அறிவிக்கவில்லை. இது தயக்கமா, நிதானமா என வினவுவோர் உண்டு. அதற்கு விடை காண, அறிகுறிகளின் தன்மையைச் சற்று ஆழ்ந்து நோக்க வேண்டும்.

தடயமும் பொய்த் தடயமும்

ஊடுருவியவரை அறிய ஆய்வாளர்கள் நாடும் தடயங்கள் முக்கியமாக நான்கு வகைப்படும். முதலாவது முகவரி எண். இது லாரியின் எண் பலகையை ஒத்தது. ஊடுருவுபவர் பிறருடைய கணிப்பொறிகளைக் கைப்பற்றி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி வருவதால், இறுதியில் தெரியும் முகவரி குற்றமற்ற ஒரு கல்லூரியுடையதாகவோ வணிக நிலையத்துடையதாகவோ இருக்கலாம். இரண்டாவது, நிரலின் நடை. கையெழுத்தைப் போல, நிரல் எழுதுவோருக்கும் தனிப் பழக்கங்கள் உண்டு. மூன்றாவது வேலை நேரம். நிரல்கள் உருவாக்கப்பட்ட நேரங்களைத் தொகுத்துப் பார்த்தால், எந்த நாட்டின் அலுவலக நேரத்தோடு அவை பொருந்துகின்றன என்பது தெரியும். எனினும் பியோங்யாங், சியோல், டோக்கியோ ஆகிய மூன்று நகரங்களுக்கும் இன்று நேரம் ஒன்றே. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நேரம் ஒன்றே. மேலும், கணிப்பொறியின் கடிகாரத்தை யாரும் மாற்றி வைக்கலாம். நான்காவது நோக்கம், அதாவது இதனால் யாருக்கு லாபம் என்னும் வினா. இது துப்பறிவதற்குத் துணைபுரியும், நிரூபணமாகாது.

இத்தடயங்களை வேண்டுமென்றே பொய்யாக விட்டுச் செல்வதும் நடந்துள்ளது. 2018 பிப்ரவரி 9 அன்று தென்கொரியாவின் பியோங்சாங் நகரில் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கிய வேளையில், அதன் அமைப்பாளர்களின் கணிப்பொறிகள் முடங்கின, இணையதளம் நின்றது, நுழைவுச் சீட்டுகளை அச்சிட இயலவில்லை. அந்நிரலை ஆராய்ந்தபொழுது, அதனை உருவாக்கிய கருவிகளைப் பற்றிய மறைவான குறிப்பு, லாசரஸ் கூட்டத்தின் பழைய நிரலில் கண்ட குறிப்போடு அப்படியே பொருந்தியது. நடந்தது தென்கொரியாவில்; தடயமோ வடகொரியக் கூட்டத்துடையது. யாரும் எளிதில் நம்பக்கூடிய முடிவு இது.

ஆயினும் காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் நிரலை மீண்டும் துருவினர். மறைகுறிப்பு ஒரு பழைய கருவியைக் கூறிற்று. நிரலின் உட்பகுதியிலோ பிற்காலத்துக் கருவியின் அடையாளம் காணப்பட்டது. எனவே அக்குறிப்பு வேறோர் இடத்திலிருந்து எடுத்து ஒட்டப்பட்ட போலி என்பது வெளிப்பட்டது. 2020 அக்டோபரில், ரஷ்ய ராணுவப் புலனாய்வுப் பிரிவின் அதிகாரிகள் அறுவர்மீது அமெரிக்க நீதித் துறை சாட்டிய குற்றங்களுள் இவ்வொலிம்பிக் தாக்குதலும் ஒன்றாகும். ரஷ்யா இக்குற்றச்சாட்டுகளை மறுத்துள்ளது.

கூடங்குளச் செய்தி வெளியாவதற்கு ஒரு வாரம் முன்பு, 2019 அக்டோபர் 21 அன்று, பிரிட்டனும் அமெரிக்காவும் கூட்டாக மற்றோர் எச்சரிக்கை விடுத்தன. ரஷ்யாவோடு தொடர்புடையதெனக் கருதப்படும் டர்லா என்னும் கூட்டம், ஈரானியக் கூட்டமொன்றின் கருவிகளையும் வழிகளையும் கைப்பற்றி, அவற்றைக் கொண்டே பிற நாடுகளில் ஊடுருவியது என்பது அவ்வெச்சரிக்கை. களவாடிய வில்லால் எய்த அம்பில் வில்லுக்கு உரியவனின் முத்திரையே காணப்படும் அல்லவா? ஆதலால் ஒரு கூட்டத்தின் கருவி காணப்பட்டது என்பதும், அக்கூட்டமே அதனைப் பயன்படுத்தியது என்பதும் வேறு வேறு கூற்றுகளாகின்றன.

இதனால் டிட்ராக் பற்றிய முடிவு தவறு எனக் கூறுவதற்கில்லை. பல தனித்தனி அறிகுறிகள் ஒரே திசையைக் காட்டும்பொழுது அனுமானம் வலுப்பெறும். ஆனால் அவ்வறிகுறிகள் உண்மையிலேயே ஒன்றையொன்று சாராதவையா, அல்லது ஒரே பழைய முடிவை எல்லாரும் எடுத்தாள்கின்றனரா என்பதைச் சோதித்தல் இன்றியமையாதது.

ஆளிலிருந்து அரசாங்கத்துக்கு

ஊடுருவிய ஆளையே அடையாளம் கண்டுவிட்டதாகக் கொள்வோம். அப்பொழுதும் நான்காவது வினா எஞ்சி நிற்கிறது. 2018 ஆகஸ்ட் மாதத்தில் புனே நகரத்துக் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியிலிருந்து சுமார் 94 கோடி ரூபாய் திருடப்பட்டது. வங்கியின் கணிப்பொறிக்குள் புகுந்தவர்கள், போலி அட்டைகளின் கோரிக்கைகளுக்கு வங்கியே இசைவு தந்ததுபோல் காட்டினர். 28 நாடுகளில் பண யந்திரங்களிலிருந்து பணம் எடுக்கப்பட்டது. இந்தியாவில் பணம் எடுத்தவர்கள் கண்காணிப்புப் படங்களில் சிக்கினர். 2023 ஏப்ரலில் புனே நீதிமன்றம் 11 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. இத்தாக்குதலுக்கு வடகொரியாவோடு தொடர்புண்டு என ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு தெரிவித்துள்ளது. ஆனால் சிறை சென்றவர்கள் பணம் எடுத்த கைகளே. திட்டமிட்ட மூளை இந்திய நீதிமன்றத்தின் முன் நிற்கவில்லை. லாரி ஓட்டியவர் அகப்பட்டார், அனுப்பியவர் அகப்படவில்லை.

சோனி திரைப்பட நிறுவனத்தின் கணிப்பொறிகள் 2014 நவம்பரில் தாக்கப்பட்டபொழுது, டிசம்பர் 19 அன்றே அமெரிக்கப் புலனாய்வு இலாகா வடகொரிய அரசாங்கத்தைச் சுட்டியது. ஆதாரங்கள் முழுவதையும் வெளியிட்டால் அவற்றைப் பெற்ற வழிகளும் வெளிப்பட்டுவிடும் என்று அது கூறியதால், சுதந்திர நிபுணர்கள் பலர் ஐயம் தெரிவித்தனர். பாக் ஜின் ஹியோக் என்பவரைப் பெயர் குறிப்பிட்டு, மின்னஞ்சல் கணக்குகளின் தொடர்பை விவரித்துக் குற்றச்சாட்டு வெளியானது 2018 செப்டம்பரிலேயே. அவ்வாறு ஒருவர் இல்லை என வடகொரியா மறுத்தது. பெயரைக் கூற ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். நீதிமன்றத்தில் நிறுத்துவதோ இன்னும் கைகூடவில்லை.

சர்வதேசச் சட்டம் இவ்விஷயத்தில் கூறுவது என்ன? ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் இங்குத் துணையாகும். 1946-இல் அல்பேனியக் கடலோரத்துக் கார்பூ கால்வாயில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் கண்ணிவெடிகளில் மோதின. நாற்பதுக்கு மேற்பட்ட மாலுமிகள் உயிரிழந்தனர். கண்ணிகளை இட்டவர் யார் என்பது நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படவில்லை. ஆயினும், அத்தனை கண்ணிகளைத் தன் கரையோரத்தில் தானறியாமல் இட்டிருக்க முடியாது. அறிந்தும் எச்சரிக்காதது குற்றம் என்று கூறி, 1949-இல் அல்பேனியாவை நீதிமன்றம் பொறுப்பாக்கியது. அதே சமயம், ஒரு செயல் ஒரு நாட்டின் எல்லைக்குள் நடந்தது என்பதால் மட்டும் அந்நாடு அதனை அறிந்திருந்ததாகக் கொள்ளலாகாது என்றும், சூழ்நிலைச் சான்று நியாயமான ஐயத்துக்கு இடமளிக்கலாகாது என்றும் நீதிமன்றம் வரையறுத்தது.

இரண்டாவது, நிகராகுவா வழக்கில் 1986-இல் அளிக்கப்பட்ட தீர்ப்பு. ஆயுதக் கூட்டமொன்றுக்குப் பணமும் பயிற்சியும் அளித்தது மட்டும், அக்கூட்டத்தின் ஒவ்வொரு செயலையும் அளித்த நாட்டின் செயலாக்கிவிடாது. குறிப்பிட்ட செயல்களின்மீது அந்நாட்டின் மெய்யான கட்டுப்பாடு இருந்ததென நிறுவ வேண்டும் என்றது நீதிமன்றம். கணிப்பொறி ஊடுருவலில் இதனை நிறுவுவது எத்துணை அரிது என்பதை எளிதில் ஊகிக்கலாம். கட்டளை எழுத்தில் வருவதில்லை; வந்தாலும் அது வெளிநாட்டுப் பெட்டகத்தில் இருக்கும். 2015-இல் ஐக்கிய நாடுகளின் அரசாங்க நிபுணர் குழுவும், நாடுகள்மீது கூறப்படும் இத்தகைய குற்றச்சாட்டுகள் ஆதாரத்தோடு கூறப்படுதல் வேண்டும் என்று வலியுறுத்தியுள்ளது.

மும்பையில் ஒரு காலை

அவசர முடிவின் அபாயத்தை 2020 அக்டோபர் 12 அன்று மும்பையில் ஏற்பட்ட மின்தடை விளக்குகிறது. அன்று காலை ரயில்கள் நின்றன, அலுவலகங்கள் இருண்டன. 2021 பிப்ரவரி இறுதியில், அமெரிக்காவைச் சேர்ந்த ரெக்கார்டட் ஃப்யூச்சர் என்னும் நிறுவனம், சீனாவோடு தொடர்புடைய கூட்டமொன்று இந்திய மின்துறையின் பத்து அமைப்புகளையும், மும்பை, தூத்துக்குடி வ. உ. சிதம்பரனார் ஆகிய இரண்டு துறைமுகங்களையும் குறிவைத்ததாக அறிவித்தது. ஆனால் மும்பை மின்தடைக்கும் அக்கூட்டத்துக்கும் உள்ள தொடர்பு உறுதிப்படவில்லை என்று அவ்வறிக்கையே கூறியிருந்தது. மகாராஷ்டிர உள்துறை அமைச்சர் நாசவேலைக்கு இடமிருக்கலாம் எனக் கருத்துத் தெரிவித்தார். மத்திய மின்துறை அமைச்சரோ, மின்தடைக்குக் காரணம் மனிதத் தவறு என்றார். சீனா குற்றச்சாட்டை மறுத்தது.

அச்சமயம் லடாக் எல்லையில் இரு நாட்டுப் படைகளும் எதிரெதிரே நின்றிருந்தன என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இரு நாடுகளும் அணு ஆயுதம் உடையவை. வலைப்பின்னலில் கண்ட ஊடுருவல் முயற்சியையும் மின்தடையையும் ஆதாரமின்றி இணைத்து, அதனடிப்படையில் ஒரு பதிலடி நிகழ்ந்திருப்பின் விளைவு என்னவாகியிருக்கும்? தவறான நாட்டைச் சுட்டினால் குற்றமற்றவர் பகையாவர். மூன்றாமவரின் சூழ்ச்சி வெற்றி பெறும். யாரையும் சுட்டாமலே இருந்தாலோ, குற்றம் செய்தவர் துணிவு பெற்று மீண்டும் வருவார். இவ்விரு தீமைகளுக்கும் நடுவே வழிகாட்ட வல்லது நம்பத்தக்க சான்று ஒன்றே.

பதிவேடு என்னும் சாட்சி

அச்சான்று எங்கே உள்ளது? அதன் முதற்கண்ணி தலைநகரிலன்று, தாக்கப்பட்ட கணிப்பொறியிலும் அதனைச் சார்ந்த நிகழ்வுப் பதிவேடுகளிலுமே உள்ளது. எந்த நேரத்தில் யார் உள்நுழைந்தார், எந்த யந்திரத்தோடு தொடர்பு ஏற்பட்டது, எந்தக் கோப்பு திறக்கப்பட்டது என்பவற்றைக் கணிப்பொறி தானே குறித்து வைக்கிறது. பதிவேடு அழிந்தால் எத்துணைப் பெரிய நிபுணராலும் அதனை மீட்டளிக்க இயலாது போகலாம்.

ஆகவேதான் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று கட்டாய விதிகள் சிலவற்றை வெளியிட்டது. ஊடுருவலைக் கண்ட ஆறு மணி நேரத்துக்குள் தனக்கு அறிவித்தல் வேண்டும்; பதிவேடுகளை 180 நாட்கள் பாதுகாத்தல் வேண்டும்; கணிப்பொறிகளின் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது புது டில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடம் ஆகியவற்றின் நேரத்தோடு பொருத்தி வைத்தல் வேண்டும் என்பவை அவற்றுள் முக்கியமானவை. கடிகாரத்தைப் பற்றிய விதி சிறியதாகத் தோன்றலாம். ஒரு யந்திரம் பத்து மணி என்றும் மற்றொன்று பத்தேகால் என்றும் குறித்தால், எது முன் நிகழ்ந்தது, எது பின் நிகழ்ந்தது என்பதே குழம்பிவிடும். காரண காரியத் தொடர் அறுபடும்.

களத்தில் பணிபுரியும் ஊழியர்கள் நினைவில் இருத்த வேண்டியவை சில உண்டு. கணிப்பொறி விபரீதமாக நடந்துகொண்டால், முதலில் அதன் வலைப்பின்னல் இணைப்பைக் கழற்றுக. அவசரப்பட்டு யந்திரத்தை அணைத்தல் ஆகாது. அணைத்தவுடன் தற்காலிக நினைவகத்தில் உள்ள தடயங்கள் மறைந்துவிடும். வட்டை அழித்து நிரல்களைப் புதிதாக ஏற்றும் வழக்கம் நம் அலுவலகங்களில் மிகுதி. வேலை விரைவில் தொடங்கும் என்பது மெய்யே. ஆனால் அது திருடனின் காலடியைத் துடைப்பத்தால் பெருக்குவதை ஒக்கும். கண்டது என்ன, கண்ட நேரம் எது, அவ்வேளையில் யார் பணியிலிருந்தனர் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, உடனே மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். தம் மீது பழி வருமோ என்றஞ்சி மறைப்பதால், பழிக்கு உரியவரே தப்பிச் செல்வார். மேலதிகாரிகளும் அறிவித்தவரைக் கடிந்துகொள்ளாமல் பாராட்டுவது நன்று.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் ஒரு சிறு சோதனையால் விளக்கலாம். ஒரு மாணவர் ஒரு வாக்கியத்தைத் தாளில் எழுதட்டும். அடுத்தவர் அதனைத் தம் கையெழுத்தில் படியெடுத்து, முந்திய தாளைக் கிழித்துவிட்டு மூன்றாமவரிடம் தரட்டும். இவ்வாறு ஐவர் கை மாறியபின், முதலில் எழுதியவர் யார் என வகுப்பைக் கேட்டால், கடைசித் தாளை வைத்திருப்பவரையே பலரும் சுட்டுவர். பின்பு, தாளைப் பெற்ற நேரத்தையும் தந்தவர் பெயரையும் ஒவ்வொருவரும் தம் குறிப்பேட்டில் எழுதுமாறு செய்து சோதனையைத் திரும்ப நடத்துக. குறிப்பேடுகளைப் பின்னோக்கிப் படித்து மாணவர்கள் முதலாமவரை அடைந்துவிடுவர். மூன்றாம் முறை, ஒருவரை மட்டும் இரகசியமாகப் பொய் எழுதச் சொல்லுக. மற்றவர்களின் குறிப்புகளோடு ஒப்பிட்டாலன்றி அப்பொய் வெளிப்படாது என்பதையும், ஒரு குறிப்பேடு தொலைந்தாலும் வழி அறுந்துவிடும் என்பதையும் மாணவர்கள் தாமே உணர்வர். தாக்குதலின் வழியில் உள்ள நாடுகளெல்லாம் தம் பதிவேடுகளைப் பகிர்ந்துகொண்டால்தான் உண்மை துலங்கும் என்னும் பாடமும் இதிலேயே அடங்கியுள்ளது.

கூடங்குளத்தில் அம்பு இன்னதென்பது தெரிந்தது; அது தைத்த இடமும் தெரிந்தது. எய்தவனைக் குறித்து வலுவான அனுமானம் உண்டு. நாடறிய நிறுவப்பட்ட தீர்ப்பு இல்லை. இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியை ஒளிக்காமல் கூறுவதே விஞ்ஞான மனப்பான்மையாகும். அவ்விடைவெளியைக் குறைக்கும் ஆற்றல் வல்லரசுகளின் ஆய்வுக்கூடங்களில் மட்டும் இருப்பதாக எண்ணலாகாது. ஒரு மின்நிலையத்து எழுத்தர், ஒரு துணைமின் நிலையத்து ஊழியர், ஓர் எல்லைப்புறப் பள்ளியின் ஆசிரியர் ஆகியோர் அழியாமல் காத்த ஒரு பதிவேடும், சரியாக ஓடும் ஒரு கடிகாரமும், நாளை நம் நாடு தன் வழக்கை உலகின் முன் எடுத்துரைக்கும்பொழுது முதற்சாட்சிகளாக நிற்கும்.